ஆரோக்கியத்தின் மணிக்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர்

என் உயிர்த் தோஸ்து ஆரோக்கியம்,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. நான் நன்றாக இல்லை. உன் வருஷ நினைவுப் பூசை முடிந்ததிலிருந்து யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு திரிகிறேன். உன்னை விட்டால் யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதலில் உன் பாட்டு செட்டு விஷயம். நீ போன பிறகு ஸ்டெல்லா வீட்டில் பாட்டே போடவில்லை. துக்க வீட்டில் பாட்டு எதற்கு என்று ஆம்ப்ளிஃபயரைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டாள். நீ தினமும் ஓட்டிக்கொண்டிருந்தவரை அந்தச் சூட்டிலேயே அது பிழைத்துக் கிடந்தது. ராயபுரத்துக் கடல் காற்று சும்மா விடுமா? பூசைக்கு ஒரு மாதம் முன்பு துணியை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டால் மூச்சே இல்லை. மெக்கானிக் திறந்து காட்டினார். உள்ளே எல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது. "இதுக்கு ஐ.சி. சிப்பே இப்போ வர்றதில்லண்ணே. காயலாங்கடையில போட்டுடு" என்றார். ஸ்பீக்கர் இரண்டும் மட்டும் கல்லு மாதிரி இருந்தன.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, பூசை முடிஞ்சி எல்லாரும் வூட்டுக்கு வருவாங்க. அவரு பொட்டியில அந்தக் கிறிஸ்மஸ் பாட்டு ஓடணும்ண்ணே. அந்த மணி ஒண்ணு கேட்டா போதும், அவரே வந்த மாரி இருக்கும்."

அந்த மணியை நான் உனக்கு நினைவுபடுத்த வேண்டுமா? நீ பாடினால் மற்றவர்களுக்கும் சுருதி போய்விடுகிறது என்றுதானே கோயில் பாடகர் குழுவில் உன் வாயை மூடச் சொல்லி, கையில் அந்த முக்கோண மணிக் கம்பியைக் கொடுத்தார்கள்? எண்ணூர்ப் பட்டறையில் அந்தக் கம்பியை வளைத்துச் செய்து கொடுத்தவன் நான். நீயும் ஒரு ஒத்திகை விடாமல் போனாய், பாட்டில் இரண்டொரு இடத்தில் 'கிணிங்' என்று தட்டுவதற்காக. கோயில் கூடத்தில் அந்தக் கிறிஸ்மஸ் பாட்டைப் பதிவு செய்தார்கள். உன் கல்யாண வீடியோவில்கூட நீ வாயைத் திறக்கவில்லை மாமு. உன் சத்தம் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த மணி ஒன்றுதான். அதனால்தான் ஸ்டெல்லாவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஸ்பீக்கர் இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக் காலடிப்பேட்டைக்கு, என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெரிய கம்பெனி ஆம்ப்ளிஃபயர் விலையைக் கேட்டதும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். பட்டறையில் ஓவர்டைம் நிறுத்திவிட்டார்கள், அது உனக்குத் தெரியாது. இப்போது டிஜிட்டல் என்று உள்ளங்கை அகலத்தில் வருகிறதாம், விலையும் கையைக் கடிக்காதாம். அதிகம் சுடாது, கரண்டு குடிக்காது, லேப்டாப்புக்குப் போடுகிற மாதிரி ஒரு அடாப்டர் போதும். போனிலிருந்து ஒயர் இல்லாமலே பாடும். நீ பார்த்திருந்தால், இந்தச் சோப்பு டப்பாவா என் பொட்டியைப் பாட வைக்கும் என்று சிரித்திருப்பாய்.

ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். அட்டைப் பெட்டியில் போட்டிருந்த வாட்ஸைப் பார்த்தால் கடற்கரைக் கூட்டத்துக்கே போதும். பாதி சவுண்டுக்கு மேல் வைத்தால் குரல் கரகரத்து, தானாக அணைந்துபோனது. அடாப்டர் நோஞ்சான். திருப்பி அனுப்பினேன்.

அடுத்தது ரிச்சி தெருவில். பட்டறைக்கு லீவு போட்டு, ரயில் பிடித்துப் போய், கடை கடையாக ஏறி வாங்கினேன். வீட்டில் போட்டதும் ஆர்மோனியம் வந்தது, டோலக் நெஞ்சில் வந்து இடித்தது, எல்லார் குரலும் வந்தது. உன் மணி வரவில்லை. மறுநாளே எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அவருடைய ஸ்பீக்கரில் அதே பாட்டைப் போட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தானே கீது. இதுக்கு மேல இன்னா வோணும் உனக்கு?"

"மணி வரல."

"வருதேண்ணே."

"யாருகிட்ட கத வுடுற? வித்துட்டா போதும்னு இன்னா வேணா சொல்வியா?" என்று எகிறினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. தலைவலி விட்டால் போதும் என்று, உச்சச் சத்தத்தைக் கூட்டும் டிரெபிளைத் தனியாகத் திருப்புகிற வேறொரு பெட்டியை மாற்றிக் கொடுத்தார்.

அதையும் வீட்டில் போட்டேன். டிரெபிளை முழுக்கத் திருப்பினேன். வசந்தா காதைப் பொத்திக்கொண்டு சமையல் கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"இன்னாய்யா இது? காது கூசுது. கொறைச்சி வை!"

"உனக்கு இன்னா தெரியும்? போய் வேலையப் பாரு" என்று அவள் மேல் பாய்ந்தேன். எனக்கு ஒன்றும் கூசவில்லை. மணியும் இல்லை.

பூசைக்கு முந்தின நாள் ஸ்பீக்கர் வலைமேல் காதை ஒட்டவைத்து அழுதேன், ஆரோக்கியம். கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது, வேறு பெட்டி வாங்க வழியில்லை. அப்போதும் நான் பெட்டியைத்தான் திட்டினேன். சீனாக்காரனைத் திட்டினேன், அடாப்டரைத் திட்டினேன். உன்னை ஒரே ஒரு தரம் உன் வீட்டுக்குள் கூட்டிவர முடியவில்லையே என்று என்னையும் திட்டினேன்.

பூசை முடிந்தது. வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரோடு அந்தப் பெட்டியையே உன் வீட்டில் வைத்துப் பாட்டைப் போட்டேன். ஸ்டெல்லாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்: "பொட்டி சரியில்லம்மா, மணி கேக்காது. மன்னிச்சிக்கோ."

பாட்டு போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று உன் மகள் மெர்சி விரலைத் தூக்கினாள். "தோ, அப்பா!"

ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உன் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கூடத்தில் இருந்த எல்லார் முகமும் ஒரே நேரத்தில் மாறியது. எனக்கு ஆர்மோனியம் கேட்டது, டோலக் கேட்டது, மின்விசிறி கேட்டது. எனக்காகத்தான் நடிக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். மறுபடியும் மெர்சி விரலைத் தூக்கினாள். மறுபடியும் எல்லாரும் அழுதார்கள். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"பெரிப்பா, மணி கேட்டுச்சா? பொட்டி சூப்பரு பெரிப்பா" என்றாள். நான் தலையாட்டினேன்.

வெளியே போய்ச் சந்தில் நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் சேர்ந்து உட்கார்ந்து இந்தப் பாட்டைக் கேட்கும்போது, மணி வருகிற இடத்தில் நீயும் இப்படித்தானே விரலைத் தூக்குவாய்? உடனே நான் தலையாட்டுவேன். எத்தனை வருஷமாக, மாமு? நான் கேட்டேனா, இல்லை உன் விரலைப் பார்த்துத்தான் கேட்டதாக நினைத்துக்கொண்டேனா? உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் எனக்காக விரலைத் தூக்கினாயா?

வீட்டுக்கு வந்து வசந்தாவை எதிரில் உட்காரவைத்துக் கேட்டேன். "எத்தினி தபா சொன்னேன், டி.வி.ய கொறைன்னு? போன் அடிச்சாகூட நான்தான வந்து சொல்றேன்? கேட்டா எரிஞ்சி வுழற" என்று அழுதாள். மறுநாள் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். பாதி நேரத்துக்கு மேல் நான் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். பட்டறைச் சத்தத்தில் போன காது, கீச்சென்ற உச்சச் சத்தம் எட்டாது, திரும்ப வராது என்றார் டாக்டர். காது மிஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளியுமாம். மணியைப் பற்றிக் கேட்டேன். "அத மட்டும் எதிர்பாக்காதீங்க" என்றார்.

அந்த ரிச்சி தெருக் கடைக்காரரை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நல்ல பெட்டியைத்தான் கொடுத்திருக்கிறார். உன் மிச்சம் முழுவதும் அதில் பத்திரமாக இருக்கிறது. யார் வந்து உட்கார்ந்தாலும் நீ வருகிறாய். கம்பியை வளைத்துக் கொடுத்த எனக்கு மட்டும் நீ வரவில்லையே ஆரோக்கியம், இது என்ன நியாயம்?

இனி ஞாயிறுதோறும் வந்து பாட்டுப் போடச் சொல்கிறாள் ஸ்டெல்லா. போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் இரண்டு நாளாக நினைத்தேன். போகிறேன். உன் மணிக்கு இனிமேல் பொய்யாகத் தலையாட்ட மாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. பெரியப்பாவுக்குக் காது போய்விட்டது என்று மெர்சியிடம் சொல்லிவிடுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை அவளிடம் கொடுத்துவிடுவேன். நீ வரும்போது அவள் ஒரு அழுத்து அழுத்தட்டும்.

உன் மகளுக்குப் பெரியப்பா,
தனசேகர்