வெள்ளிக்கிழமை மதியம் மூடிக்கொள்ளும் கதவு

ஆகஸ்ட் 1, வியாழன்

என் பொறுப்பிலுள்ள நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் பழைய ஃபயர்வால் பெட்டி காலையிலிருந்து மாவரைக்கும் சத்தம் போடுகிறது. எங்கள் இயக்குநர் டாக்டர் ஹெந்தார்தோ கதவருகே நின்று கேட்டுவிட்டு, "இன்னும் உயிர் இருக்குல்ல, பாக் வோனோ?" என்றார். எங்கள் சோலோ நகரில் மரியாதைக்கு ஆண்கள் 'பாக்', இளம்பெண்கள் 'ம்பாக்'. இருக்கிறது என்றேன். இந்த மருத்துவமனையில் எதையும் செத்த பிறகுதான் மாற்றுவோம். இது பாதி செத்ததால் எல்லோருக்கும் குழப்பம்.

புதியது செமாராங்கிலிருந்து வந்து அட்டைப்பெட்டியில் காத்திருக்கிறது. பழையதை அமைத்தவர் கலிமந்தானுக்குப் போய் செம்பனை எண்ணெய் வியாபாரம் செய்கிறார். எந்த போர்ட் வாசலை எதற்குத் திறந்து வைத்தார் என்று கேட்டு எழுதினேன். கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாற்றியாயிற்று. வெளிநோயாளிகள் இல்லாத நாள் என்பதால் காலையிலேயே தொடங்கினோம். விற்ற கம்பெனியிலிருந்து யோபி வந்திருந்தான். நல்ல பையன், சட்டை மடிப்புக் கலையாமல் வேலை செய்வான். அதாவது, வேலையை நான் செய்தேன்.

கேபிள்களில் ஒட்டியிருந்த சீட்டுகள் வெளிறிக் கிடந்தன. ஒன்றில் மட்டும் 'இதைத் தொடாதே' என்பது படிக்க முடிந்தது. கையெழுத்து என்னுடையது. காரணம் நினைவில்லை. தொட்டேன்.

முதலில் இணையம் வரவில்லை. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், யோபியைக்கூட மாற்றலாமா என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் மோடம் பழைய பெட்டியையே நினைத்துக்கொண்டிருக்கிறது. அணைத்துப் போட்டதும் மறந்தது. எனக்கும் அப்படி ஒரு பொத்தான் இருந்தால் நன்றாயிருக்கும்.

பிறகு லேப். ரத்தப் பரிசோதனை இயந்திரத்தைச் செருகிய போர்ட்டில் விளக்கே எரியவில்லை. புதிய பெட்டி பேசும் வேகம் அந்தக் கிழட்டு இயந்திரத்துக்குப் புரியவில்லை. அந்தப் போர்ட்டை மட்டும் பழைய காலத்து வேகத்துக்கு இறக்கியதும் எரிந்தது.

"பச்சை லைட்டு வந்துடுச்சுன்னா எல்லாம் வந்தாச்சு, பாக்," என்றான் யோபி. இந்த வயதில் இவ்வளவு நம்பிக்கை உடம்புக்கு ஆகாது.

ஆகஸ்ட் 5, திங்கள்

புதிய பெட்டிக்குத் தும்பெங் விருந்து. மஞ்சள் சோற்றுக் கூம்பு, சுற்றிலும் பொரித்த கோழி, சோயா தெம்பே, முட்டை. மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளையிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். பிரார்த்தனை முடிந்ததும் டாக்டர் ஹெந்தார்தோ கூம்பின் நுனியை வெட்டி யோபியிடம் கொடுத்தார். "ஒரு குறையும் இல்லாம முடிஞ்சுது," என்று அறிவித்தார். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

தும்பெங் வெட்டிய பொருளில் குறை இருக்க முடியாது. குறை வந்தால் அது வெட்டியவருடைய குறை, வாழ்த்தியவருடைய குறை, தின்ற அத்தனை பேருடைய குறை. நான் கோழி இரண்டு துண்டு தின்றேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஒவ்வொரு பிரிவாகப் போய் வேலை செய்கிறதா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே, "செய்யுது, பாக்" என்றார்கள். சோலோ நகரில் இந்தப் பதிலுக்குச் 'செய்கிறது' என்றும் அர்த்தம் உண்டு.

ஆகஸ்ட் 12, திங்கள்

வாராந்தரக் கூட்டம். அவசரப் பிரிவு டாக்டர் யூலியா பொருமினார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் லேப் ரிசல்ட் ஒண்ணும் வரலை. ஒரு பேஷன்ட்டுக்குப் பொட்டாசியம் எவ்வளவுன்னு தெரியாம நான் கடியாரத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்."

எல்லோரும் லேப் ருக்மியைப் பார்த்தார்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒப்பந்த வேலை, மாதக் கடைசியில் முடிகிறது. கணவன் வேலை பார்த்த பாத்திக் துணிப் பட்டறையை மூடிவிட்டார்கள், வீடு இவள் சம்பளத்தில் ஓடுகிறது. "மன்னிக்கணும், டாக்டர்," என்றாள். இயக்குநர் என்னைப் பார்த்து, "நெட்வொர்க் நல்லாத்தானே இருக்கு?" என்றார். பச்சை விளக்கு எரிகிறது என்றேன். பொய் இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மறுபடியும் மதியம். மறுபடியும் லேப்.

ஆகஸ்ட் 17, சனி

சுதந்திர தினக் கொடியேற்றம். கயிற்றில் தொங்கும் க்ருபுக் அப்பளத்தைக் கைபடாமல் கடிக்கும் போட்டியில் டாக்டர் ஹெந்தார்தோ முதலிடம். அவருடைய கயிறு மட்டும் சற்றுத் தாழ இறங்கிவந்தது. யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

ருக்மிக்கு ஒப்பந்தம் நீட்டிப்பதில்லை என்று முடிவாகிவிட்டதாம். கேன்டீனில் கேள்விப்பட்டேன். நேராக லேபுக்குப் போனேன்.

"ம்பாக் ருக்மி, நெட்வொர்க் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு, பாக்."

"நிஜமாவா?"

"நல்லாத்தான் இருக்கு. இன்னும்... முழுசா நல்லாகலை."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். டீ வந்தது. மழையைப் பற்றிப் பேசினோம். அவள் மகனுக்குப் பல் முளைப்பதைப் பற்றிப் பேசினோம். டீ ஆறிய பிறகு கேட்டேன், வெள்ளிக்கிழமை மட்டும் என்ன ஆகிறது?

"சும்மா விட்டா மெஷினுக்குக் கோவம் வருது, பாக். வெள்ளிக்கிழமை டாக்டருங்க, வார்டு ஆளுங்க எல்லாரும் தொழுகைக்குப் போயிடுவாங்க. அப்படியே சாப்பிட்டுத்தான் வருவாங்க. அதுவரைக்கும் சாம்பிளே வராது. அப்புறம் வந்தா, மெஷின் டெஸ்ட் பண்ணுது, ரிசல்ட் அனுப்பிட்டேன்னும் காட்டுது. மேல யாருக்கும் போய்ச் சேரலை. அணைச்சுப் போட்டா சரியாகும். ஆனா அது சூடாகி ரெடியாக நேரம் பிடிக்குது. அதுக்குள்ள நான் கையால எழுதி ஓடுறேன். நாலு வார்டு, பாக்."

"பழைய பெட்டி இருந்தப்போ?"

"அப்போ இப்படி இல்ல."

"ஏன் சொல்லலை?"

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"தும்பெங் வெட்டியாச்சே, பாக். நீங்க அத்தனை பெரியவங்க முன்னாடி சிரிச்சுட்டு நின்னீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

என் முகம் கோணிவிடக் கூடாதென்று தன் வேலையையே பறிகொடுத்திருக்கிறாள். கேட்டால் அதையும் இல்லை என்பாள். என்ன ஊர் இது? நான் மட்டும் வேறு ஊரா?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஃபயர்வாலில் லேபுக்கான போர்ட்டைச் சோதித்தேன். திறந்திருக்கிறது. எத்தனை முறை தட்டினாலும் திறக்கிறது. இதனால்தான் இத்தனை நாள் ஏமாந்தேன். நான் தட்டும்போதெல்லாம் அது புதுத் தட்டல். இயந்திரமோ காலையில் ஒருமுறை தட்டி உள்ளே போனால் நாள் முழுக்க அதே இணைப்பில் பேசுகிறது.

இன்று இயந்திரத்தை ஓய்வாக விடச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் பேச்சு இல்லையென்றால் புதிய ஃபயர்வால் இணைப்பை மறந்துவிடுகிறது. பழையது மறந்ததில்லை. மற்ற நாள்களில் மதிய இடைவேளை அவ்வளவு நீளாது. வெள்ளிக்கிழமை நீளும்.

மறந்தாலும் பரவாயில்லை. 'இணைப்பு முடிந்தது, போய்விட்டு வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இயந்திரம் மறுபடி தட்டியிருக்கும். சொல்வதில்லை. வருவதையெல்லாம் மரியாதையாக வாங்கி ஓசையில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. எங்கோ தயாரித்த பெட்டி, எங்கள் ஊர்ப் பழக்கத்தை எங்கே கற்றதோ.

யோபியை அழைத்தேன். "அது குறை இல்ல, பாக். பாதுகாப்பு!" என்றான். லேப் போர்ட்டுக்கு மட்டும் காத்திருக்கும் நேரத்தை ஒரு நாள் முழுமைக்கும் நீட்டினேன். டீ குடிக்கும் நேரத்தில் முடிகிற வேலை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

தொழுகை முடிந்தது, சாப்பாடு முடிந்தது, சாம்பிள் வந்தது, முடிவு எல்லா வார்டுக்கும் போனது. ருக்மி ஓடவில்லை.

டாக்டர் யூலியா என்னை வழியில் நிறுத்திச் சொன்னார். "பார்த்தீங்களா? வேலை போகுதுன்னதும் எப்படிச் சுறுசுறுப்பு வந்துடுச்சு!"

இது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தமில்லாமல் சரிசெய்ததில் அவள் குற்றத்தை நானே நிரூபித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

இயக்குநர் வீட்டுக்குப் போனேன். கூண்டுப் புறாக்களைப் பற்றிப் பேசினார். பெட்டியைப் பற்றி நான் வாயெடுத்தபோதெல்லாம் ஏதாவது ஒரு புறா கூவியது, அவர் விரலை உயர்த்திக் கேட்கச் சொன்னார். மிக அழகாகக் கூவின. திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அறக்கட்டளைக்காரர் ஒருவரும் இருந்தார்.

"வெள்ளிக்கிழமை லேப் நின்னதுக்குக் காரணம் புது ஃபயர்வால். அமைச்சது நான். ருக்மி மேல ஒரு தப்பும் இல்லை. ரிசல்ட்டைத் தூக்கிட்டு வார்டு வார்டா ஓடினது அவங்கதான்."

ருக்மி மேசையையே பார்த்தாள். டாக்டர் யூலியா மட்டும் வாய் திறந்தார். "அப்போ நான் அந்தப் பொண்ணைத் திட்டினது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் ஹெந்தார்தோ சிரித்தார். அவர் கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

"பாக் வோனோ ரொம்பக் களைச்சுப் போயிருக்கார். இந்த வாரம் ரெஸ்ட் எடுக்கட்டும்."

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஓய்வு. உத்தரவின்பேரில் ஓய்வெடுப்பது எவ்வளவு களைப்பு.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மாதத்தின் கடைசி வேலை நாள். அவளுக்கு போன் செய்யலாமா? என்னவென்று கேட்பது? இருக்கிறாயா, போகிறாயா என்றா? கேட்டால் "நல்லா இருக்கேன், பாக்" என்பாள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? செய்யவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

திரும்பிவிட்டேன். நான் ஓய்வில் இருந்தபோது ஃபயர்வால் பற்றி ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். நடந்தது கோளாறு அல்ல, பெட்டி 'புது இடத்துக்குப் பழகிக்கொண்ட காலம்'. டாக்டர் யூலியா அந்தக் காலம் முழுவதற்கும் லேபின் பேரில் புகாரில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு இனி ஜெனரேட்டர் பொறுப்பும் உண்டு. வாழ்த்துச் சொன்னார்கள்.

ருக்மியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. லேப் கதவு சாத்தியிருந்தது. அதைத் தாண்டி இரண்டு முறை நடந்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

மேசைத் தொலைபேசி அடித்தது.

"பாக், லேப்ல இருந்து ருக்மி. ரத்த வங்கி ஸ்க்ரீன் வேலை செய்யலை."

அப்படியானால் வேலை போகவில்லை. வழக்கமான முன்னுரைக்காகக் காத்திருந்தேன். தொந்தரவுக்கு மன்னிக்கணும், மழை எப்படி, சாப்பிட்டாச்சா, எதுவும் வரவில்லை.

"கொஞ்சம் கொஞ்சம் செய்யுதா?"

"இல்ல, பாக். சுத்தமாச் செய்யலை. உடனே வாங்க."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கீழே காவலர் வழக்கம்போல் எழுந்து நின்று, "நல்லா இருக்கீங்களா, பாக்?" என்றார்.

"முழங்கால் வலிக்குது," என்றேன்.

அவர் குனிந்து என் முழங்காலைப் பார்த்தார்.