நிழலில் கிள்ளாத கொழுந்து

மட்டாஞ்சேரி
12.3.1999

என் அன்பு வள்ளிக்கு,

நான் சுகம். அப்படி எழுதினால்தான் கடிதம் தொடங்கும், அதனால் எழுதுகிறேன். நீயும் வயிற்றுப் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்?

குடோனில் பகல் முழுவதும் தேயிலை மூட்டைதான். சட்டையில், சோற்றில்கூடத் தூள். ஆனால் குடோனுக்குள் பச்சை இலை ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால்தானே, எஸ்டேட் லாரி இங்கே வரும்போதெல்லாம் நீ வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு பிடி கொழுந்தை ஈரத்துணியில் சுற்றி டிரைவர் ஷாஜியிடம் கொடுக்கச் சொன்னேன். வாடும்வரை அது என் தலையணைப் பக்கத்தில் இருக்கும். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு இங்கே?

நீ தந்த தேயிலைச் செடியை, வெயில் நன்றாகப் படட்டும் என்று தகரக் கூரைமேல் வைத்தேன். எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு இந்தப் புத்தி! இலை சிறுத்து, மஞ்சள் பாய்ந்து, நுனி சிவந்துவிட்டது. குடோனில் சாயா ருசி பார்த்துத் தரம் பிரிக்கும் சார் விளக்கினார்: சூடு தாங்க இலை தானே பிடித்துக்கொள்ளும் குடையாம் அந்தச் சிவப்பு. நிழலில் என்றால், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க இலை கரும்பச்சையாகுமாம். வீட்டுச் சொந்தக்காரி கமலாக்ஷி சேச்சி என்னைத் திட்டிக்கொண்டே செடியை மாமரத்தடிக்கு மாற்றினார். இப்போது துளிர்ப்பதெல்லாம் கரும்பச்சை.

விஷயத்துக்கு வருகிறேன். கங்காணி உன்னை நாற்றுப் பந்தலுக்கு மாற்றிவிட்டார், நாள் முழுக்க நிழலில் உட்கார்ந்த வேலை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது. நேற்று வந்த துணியைப் பிரித்தேன். சிறுத்த இலை, வெளிறிய மஞ்சள், நுனியெல்லாம் சிவப்பு. என் கூரைமேல் பார்த்த அதே நிறம். பந்தலுக்குள் இந்த நிறம் வராது, வள்ளி.

ஷாஜியைக் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு, நிழல் மரங்களை வெட்டிய மேட்டில் நீ கூடை சுமப்பதைச் சொன்னான். போன முறை பிள்ளை கலைந்ததும் அந்த மேட்டில்தானே?

பொய் சொன்னதற்குச் சண்டை போட மாட்டேன். வேலையை விட்டால் எஸ்டேட் தந்த லைன் வீடு போய்விடும் என்ற பயம்தானே உனக்கு? போகட்டும். இங்கே என் அறை சின்னது, கொசு உண்டு. ஆனால் ஜன்னலை மாமரம் மறைத்திருக்கிறது, வெயில் உள்ளே வராது. நீ வரப்போவதைச் சேச்சியிடமும் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை லாரி அங்கிருந்து கிளம்புகிறது. மெதுவாக ஓட்ட ஷாஜியிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை கொழுந்து அனுப்பாதே. நீ வந்து இறங்கு.

மாமரத்தடியில் காத்திருக்கும்,
ஒச்சப்பன்