அடுத்த மாடல் வரும் வரை

பிப்ரவரி 9

அன்புள்ள பல்லழகிக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். கையைத் தவிர மற்றதெல்லாம் நலம் என்று வைத்துக்கொள். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது பிசியோ அம்மாவின் உத்தரவு. யாருக்கு எழுதுவது என்று கேட்டேன். ஊரில் இல்லாத ஆள் யாராவது இருப்பார்களே, அவர்களுக்கு எழுதுங்கள் என்றார்கள். அப்படி எனக்கு இருப்பது நீ ஒருத்திதான்.

போனில் நாம் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், சரி தூங்கு. அதற்கு மேல் இரண்டு பேருக்குமே வாய் வருவதில்லை. உன் பல் செட் லேப் உன்னை அந்தப் புதுக் கிளைக்கு அனுப்பியபோது ஒரு வருஷம்தானே என்று இருந்தது. இப்போது கடிதத்திலாவது ஏதாவது பேசுவோம்.

ஒரு யோசனை கேட்க வேண்டும். கையில் வைத்து விளையாடுகிற கேமிங் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது இல்லையா, நடுவில் ஸ்கிரீனும் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் திருப்புகிற ஸ்டிக்கும் பட்டனுமாக? நம் ஹாலில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர் செய்வதையெல்லாம் அதுவும் செய்யும். படுத்துக்கொண்டே விளையாடலாம். இப்போது இருக்கிற மாடலை வாங்கிவிடலாமா, அல்லது வருஷக் கடைசியில் புது மாடல் வருமாம், அதுவரை பொறுக்கலாமா? வீடியோ போடுகிறவர்களில் பாதிப் பேர் வாங்கு என்கிறார்கள், பாதிப் பேர் பொறு என்கிறார்கள். ஒரே ஆள் இரண்டையும் சொல்கிறான்.

நேற்று வலது கையால் காபி டம்ளரை எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கட்டைவிரலில் கொப்புளம். சூடு என்று விரலுக்குத் தெரியவில்லை. வலி இல்லை, கவலைப்படாதே.

உன்,
மாஸ்டர்


பிப்ரவரி 20

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் பிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்து, "உங்க பையன் எந்த கிளாஸ் படிக்கிறான்?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொள்கிறாள். என்ன நினைத்துக்கொண்டாளோ.

கொப்புளத்துக்கு மருந்து போட்டீர்களா? வலி இல்லை என்று எழுதினால் எனக்கு நிம்மதி வரும் என்று யார் சொன்னது? இனி டம்ளரை இடது கையால் எடுங்கள். இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மெழுகில் பல் செதுக்கக் கற்றுக்கொடுக்கிறேன். கடைவாய்ப் பல்லை எல்லோரும் கூழாங்கல் மாதிரி செய்து கொண்டுவருகிறார்கள். சாயங்காலம் மாடி அறைக்கு வந்து ஜன்னலைத் திறந்தால் எதிரே டயர் கடை. வேறு காட்சி கிடையாது.

நீங்கள் கேட்டதை எங்கள் லேபில் ஸ்கேனர் பார்க்கிற தம்பியிடம் விசாரித்தேன். அவனுக்கு இதெல்லாம் அத்துப்படி. மெமரி விலை ஏறிக்கொண்டே போகிறதாம், காத்திருந்தால் விலை இறங்கும் என்று யாரும் நினைக்க வேண்டாமாம். புது மாடல் வந்தாலும் அதற்கடுத்த மாடலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்களாம். "விளையாடணும்னு இருந்தா வாங்கச் சொல்லுங்கக்கா. வாங்கணும்னு மட்டும் இருந்தா வெயிட் பண்ணச் சொல்லுங்க" என்றான். சின்னப் பையன், ஆனாலும் யோசித்துப் பேசுகிறான்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. பெரிய கம்ப்யூட்டருக்கு என்ன ஆயிற்று?

அன்புடன்,
நான்தான்


மார்ச் 3

அன்புள்ள பல்லழகிக்கு,

கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ போன பிறகு அதைப் போடவில்லை, அவ்வளவுதான். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

உன் ஸ்கேனர் தம்பி சொன்னதில் பாதி சரி. ஆனால் புது சிப் வந்தால் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். இப்போதுள்ளது கனமும் அதிகம். ஸ்டிக் கொஞ்ச நாளில் தானாக ஒரு பக்கம் இழுக்க ஆரம்பிக்கும் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பத்து மாசத்துக்காக அவசரப்பட்டு வாங்கிவிட்டுப் பிறகு வயிறு எரிவானேன்? மத்தியானம் முழுக்க இதைத்தான் படிக்கிறேன். எந்த மாடலில் எத்தனை எடை, எந்த மாடலில் விசிறிச் சத்தம் அதிகம் என்று என்னைக் கேள், சொல்கிறேன்.

அச்சகத்திலிருந்து போர்மேன் வந்திருந்தார். நான் ஓட்டிய பேப்பர் கட்டிங் மிஷினை இப்போதைக்கு வேறு ஒருவர் பார்த்துக்கொள்கிறாராம். "உன் இடம் உனக்குத்தான், கை சரியாகி வா" என்றார். போகும்போது கை கொடுத்தார். என் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பிடித்து அழுத்தினார் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வருத்தமாக இருக்கிறதா என்று போனில் கேட்டாய். உண்மையாகவே வருத்தமாக இல்லை. பிளேடு நழுவி மணிக்கட்டில் விழுந்ததை நினைத்துப் பார்த்தாலும் யாருக்கோ நடந்த மாதிரி இருக்கிறது. காலையில் எழுந்திருக்கிறேன். பிறகு சாயங்காலம் ஆகிவிடுகிறது. நடுவில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பொறுத்திருந்தே வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

உன்,
மாஸ்டர்


மார்ச் 14

அன்புள்ள மாஸ்டருக்கு,

நேற்று பிசியோ அம்மா எனக்குப் போன் செய்தார்கள். அவசரத்துக்கு என்று என் நம்பரைத்தானே கொடுத்திருந்தோம். நீங்கள் அங்கே போய் ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறதாம். மணலில் கையை விட்டு அளைவது, கண்ணை மூடிக்கொண்டு பஞ்சா துணியா என்று சொல்வது, எதையும் செய்வதில்லையாம். எழுத்துப் பயிற்சியை மட்டும் விடாமல் செய்கிறார் என்று எனக்குத் தெரியும் என்றேன். அதற்கு அவர்கள், "அது நல்ல கைக்குத்தானேம்மா" என்றார்கள்.

சண்டை போடுவதற்காக எழுதவில்லை. சண்டை போடவும் தெம்பு இல்லை. நீங்கள் பெரிய கம்ப்யூட்டர் ஆட்டத்தில் சரக்கு லாரியை ஓட்ட, நான் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து வழிகாட்டிப் பலகையைப் படித்துச் சொல்வேனே, அந்த நாற்காலி எந்தப் பக்கம் இருந்தது என்றே ஒரு நாள் எனக்கு மறந்துவிட்டது. அன்றைக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எழுந்து துணி துவைத்தேன். ஆக, உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். கடைக்குப் போய் நீங்கள் கேட்ட அந்தச் சின்னக் கம்ப்யூட்டரைக் கையில் பிடித்துப் பாருங்கள். வாங்க வேண்டாம். எடையைப் படித்துத் தெரிந்துகொண்டது போதும், தூக்கிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
நான்தான்


மார்ச் 29

அன்புள்ள பல்லழகிக்கு,

போனேன்.

மேஜை மேல் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். கார் ஓட்டும் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் வேலை செய்கிற பெண் எடுத்துக் கொடுத்தாள். படித்த அளவுக்குக் கனம் இல்லை. இடது கைக்கு அப்படியே பொருந்தியது. வலது கையையும் வைத்தேன். ஆள்காட்டி விரலை மேல் பட்டனில் வைத்து அழுத்தினால் கார் போக வேண்டும்.

கார் நின்றுகொண்டே இருந்தது. மற்ற கார்களெல்லாம் போய்விட்டன.

"அழுத்துங்க சார்" என்றாள்.

"அழுத்திட்டுத்தான் இருக்கேன்."

அவள் குனிந்து என் விரலைப் பார்த்தாள். "இல்ல சார். விரல் பக்கத்துல இருக்கு. பட்டன் மேல இல்ல."

நானும் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். பட்டனை விட்டு விலகி, வெறும் பிளாஸ்டிக்கை அழுத்திக்கொண்டிருந்தேன். விரலைக் கண்ணால் பார்த்து எடுத்து வைத்தேன். கார் கிளம்பியது. ஸ்கிரீனைப் பார்த்தால் விரல் நழுவுகிறது, விரலைப் பார்த்தால் கார் சுவரில் முட்டுகிறது. அந்தப் பெண் வேறு ஆட்களைக் கவனிப்பது போல நகர்ந்துகொண்டாள். நல்ல பெண்.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். அழவில்லை, கோபம் வரவில்லை. பசித்தது. சாப்பிட்டேன்.

இதற்குத்தான் இத்தனை நாள் போகாமல் இருந்தேன் என்று உனக்கு முன்பே தெரிந்திருக்கும். சரி, தெரிந்துகொண்டாயிற்று. தைத்த நரம்பு வளரட்டும். புது மாடலும் வரட்டும். அதுவரை பார்ப்போம்.

உன்,
மாஸ்டர்


ஏப்ரல் 10

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போனதற்கு நன்றி. போகச் சொன்னவள் நான் என்பதால் மன்னிப்பும் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கப்போவதில்லை.

ஒரு விஷயம் சொல்லாமல் வைத்திருந்தேன். இந்தக் கிளையை நிரந்தரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மேலாளர் கேட்டிருக்கிறார். உங்கள் முதல் கடிதம் வருவதற்கு முன்பே கேட்டது. கொஞ்சம் பொறுங்கள் சார், வீட்டில் சூழ்நிலை சரியில்லை என்று சொல்லி வந்தேன். அவரும் பொறுத்தார். இனி முடியாது என்கிறார், அதுவும் நியாயம்தான்.

மாஸ்டர், எல்லாவற்றையும் உங்கள் கை சரியாகட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கே இருப்பது, என்ன செய்வது, ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுவது, எல்லாமே. அச்சகம் உங்கள் இடத்தை வைத்திருக்கிறது, நீங்கள் அந்த வீட்டை வைத்திருக்கிறீர்கள், நான் இங்கே பாதிப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். பாதிப் பெட்டியில் என் நல்ல புடவைகளெல்லாம் கிடக்கின்றன. இன்றைக்குப் பிரித்து அலமாரியில் அடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப்போகிறேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்காதீர்கள். நீங்கள் வருகிறீர்கள் என்று எண்ணியும் போடவில்லை, வரமாட்டீர்கள் என்று எண்ணியும் போடவில்லை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. அதை உங்களிடம் சொல்லக்கூட நாள் பார்த்துக்கொண்டிருந்தேன், பாருங்கள்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி என்னை இனிக் கேட்காதீர்கள். வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. பொறுத்திருக்கிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

அன்புடன்,
நான்தான்


மே 6

அன்புள்ள பல்லழகிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. என்ன எழுதுவது என்று தெரியாமல் தினமும் எழுதி, தினமும் கிழித்துப் போட்டேன். பயிற்சி மட்டும் நடந்தது.

பிசியோ அம்மாவிடம் போனேன். அவர்கள் திட்டி முடிக்கும் வரை நின்றுவிட்டு நேராகக் கேட்டேன், உணர்ச்சி திரும்ப வருமா என்று. "கொஞ்சம் வரும். பழைய கை வராது. அதை எதிர்பாத்து உக்காந்திருக்காதீங்க" என்றார்கள். டாக்டர் சுற்றி வளைத்துச் சொன்னதும் இதுதான் என்று அப்போது புரிந்தது. பிறகு மணலில் கையை விட்டு அளைந்தேன். கண்ணை மூடிக்கொண்டு பஞ்சு என்றேன். துணியாம்.

அங்கிருந்தே அச்சகத்துக்கு நடந்தேன். என் மிஷினில் இருக்கிறவர் நன்றாகத்தான் வெட்டுகிறார், ஓரமெல்லாம் நேராக இருக்கிறது. என் இடத்தை எனக்காக வைத்திருக்க வேண்டாம் என்று போர்மேனிடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். இடது கையால் எடுத்தேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். அதே பெண் இருந்தாள். என்னை நினைவு வைத்திருந்து, சாதனத்தைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் இரண்டிரண்டு பட்டன்கள் இருக்கின்றன. அத்தனை படித்தேனே, அதைப் பற்றியும் படித்திருந்தேன்தான், அது எனக்கு உதவும் என்று தோன்றவே இல்லை. மோதிர விரல் அங்கே போய் உட்காருகிறது. பிளேடு வெட்டியது வேறு நரம்பை. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இன்னும் எல்லாம் தெரியும். மேல் பட்டன் செய்கிற வேலையை அந்தப் பின்பட்டனுக்கு மாற்றிக் கொடுத்தாள். கார் கிளம்பியது. கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு நழுவியபடிதான் இருந்தது, கார் சுவரில் முட்டியபடிதான் போனது. ஆனால் போனது. பந்தயத்தில் கடைசி ஆளாக வந்தேன்.

இப்போது இருக்கிற மாடலைத்தான் வாங்கினேன். புது மாடல் வந்ததும் வயிறு எரியும், அது வேறு விஷயம்.

பெரிய கம்ப்யூட்டரைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். வீட்டுச் சொந்தக்காரரிடம் வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். இருபதாம் தேதி ரயில். இதை உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்டால் நீ யோசிக்க வேண்டும், நான் பதிலுக்காக உட்கார்ந்திருக்க வேண்டும், திரும்பவும் அதுவே ஆகிவிடும். வேண்டாம் என்றால் எழுது, அங்கேயே பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊருக்கு வருகிறேன்.

அங்கே எனக்கு என்ன வேலை கிடைக்கும் என்று தெரியாது. இந்தக் கையை வைத்துக்கொண்டு யாரிடம் போய் எதைக் கேட்பது என்றும் தெரியாது. உன் எதிரில் உட்கார்ந்து என்ன பேசுவது என்பதுகூடத் தெரியவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டு வெளியே வந்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். வீடு வரும் வரை அப்படியே இருந்தது. வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பயம். அதை உடனே உனக்கு எழுத வேண்டும் போல இருந்தது.

உன்,
மாஸ்டர்