நடுக்கதவின் வெள்ளைப் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மலைப்பக்கம் மூட்டம். காற்று மட்டும், மழை இல்லை. நடுக்கதவு நிலையில் பழைய பச்சைப் பெயிண்ட் சுரண்டும் வேலை. இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் பாதி.

அடியில் தேக்கு. சந்தேகமே இல்லை. ஈரத்துணியால் துடைத்ததும் ரேகை ரேகையாக எழுந்து நின்றது. இதன்மேல் அப்பா எதற்குப் பச்சை அடித்தார்? இருந்திருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டார்.

தங்கச்சி மல்லிகா எட்டிப் பார்த்தாள். அப்பா எங்கள் இருவருக்கும் பாதிப் பாதியாக எழுதிய வீடு. தெருவுக்கு இரண்டு வாசல், நடுவில் இந்த ஒரு கதவு. காலையில் அவள் காப்பி இப்படி வரும், மத்தியானம் என் குழம்பு அப்படிப் போகும்.

"யக்கா, ஞாயித்துக்கிழமை கவிதாவைப் பொண்ணு பாக்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வாராவ. நிலை, ஜன்னல் எல்லாத்துக்கும் வெள்ளை அடிச்சிரலாம்னு இருக்கேன்."

"தேக்குக்கு வெள்ளையா?"

"பளிச்சுனு இருக்கும்லா."

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்."

போய்விட்டாள்.

ஜூன் 4, புதன்

சமாதானம். பேசி முடித்தது கவிதா. தாய்க்கு மகள் தேவலை. மல்லிகா பக்கம் அவள் இஷ்டம், என் பக்கம் என் இஷ்டம்.

சரி, கதவு வந்து உட்காரும் அந்த உள்விளிம்பு யாருக்கு? கதவு என் பக்கம் திறக்கிறது, ஆகவே எனக்கு. ம. சொல்கிறாள், "நாலு விரக்கடை. இதுல போயி என்னக்கா." நாலு விரற்கடைதானே, விட்டுக்கொடுக்க வேண்டியதுதானே. விடவில்லை. நானும் விடவில்லை.

வாங்க வேண்டியது:
உப்புத்தாள், முரடு ஒன்று, நைஸ் ஒன்று
ஸ்டெயின், மரத்துக்கு ஏற்றும் சாயம் (சிவப்புக் கூடாது)
வார்னிஷ், மினுக்காதது
வெண்டைக்காய்

பெயிண்ட் கடைக்காரர்: "ஆச்சி, இந்தக் காலத்துல யாரு ஸ்டெயின் அடிக்கா? ரெண்டு கோட் எனாமல், சோலி முடிஞ்சுது. வீட்ல ஆம்பளையாள் யாரையாச்சும் வரச் சொல்லுங்க, வெவரமாச் சொல்லுதேன்."

நான் ஆச்சி இல்லை. கல்யாணமே செய்துகொள்ளாதவள். பேண்டேஜ் கம்பெனியில் ஒரு ஷிப்ட்டையே கட்டி மேய்த்தவள். அதை அவர் கடை வாசலிலேயே சொல்லிவிட்டு, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வாங்கினேன். இடம் கிடைக்காமல் நின்றபடி. வெண்டைக்காய் மறந்து போயிற்று.

ஜூன் 5, வியாழன்

சாரல். துணி காயவில்லை.

பழைய பலகையின் பின்புறம் ஸ்டெயின் ஒத்திகை. முதலில் திட்டுத் திட்டாக வந்தது. தின்னர் கலந்தேன், வெளிறியது. பிறகு பிடிபட்டது: தடவு, செத்த நேரம் விடு, துடை. துடைக்கக் கம்பெனியில் கழித்த, காயத்துக்குக் கட்டும் காஸ் துணி. எந்த நெசவு நூல் விடாது என்று எனக்குத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் பெயிண்டர். போனில் பாட்டு. நான் பாட்டுக்கு நிலையைத் தேய்த்தேன்.

"யம்மா, அங்கிட்டுத் தேய்க்கிற தூசி பூரா இங்கிட்டு ஈரத்துல ஒட்டுது. அவியளைச் செத்த நிப்பாட்டச் சொல்லுங்க." பெயிண்டர், ம.விடம்.

நிறுத்தவில்லை. என் வீடு, என் தூசி.

டமார். ம. கதவை இழுத்துச் சாத்தினாள்.

ஜூன் 6, வெள்ளி

காப்பி வரவில்லை. கதவை இழுத்தேன். அசையவில்லை.

அந்த ஆள் கையை நீட்டி உள்விளிம்பு, கதவின் ஓரம் எல்லாவற்றிலும் வெள்ளையை அப்பியிருக்கிறான். ஈரத்தோடு சாத்தினால், அதுவும் இந்தச் சாரலில், ஒட்டாமல் என்ன செய்யும்? என் நாலு விரற்கடையும் போச்சு.

கவிதா தெருவைச் சுற்றிக் காப்பி கொண்டுவந்தாள். ஆறிப்போயிருந்தது.

"பெரியம்மா, அவிய வந்துட்டுப் போவட்டும், பொறவு ஆசாரியை வச்சுத் திறந்துக்கலாம். ஞாயித்துக்கிழமை மட்டும் முன்வாசல் வழியா வந்துருங்க."

"தெரு வழியா வர நான் என்ன விருந்தாளியா?"

"அப்ப வர மாட்டியளா?"

"கதவு திறந்தா வாரேன்."

அவள் முகம் சுண்டிவிட்டது. அவள்மேல் கோபமில்லை. அவளுக்கு ஒரு நல்லது நடக்கும்போது நான் கதவுக்கு இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருப்பதா? உட்கார்ந்திருப்பேன். தெரு வழியாகப் போக மாட்டேன்.

ஜூன் 7, சனி

வார்னிஷ் இரண்டாவது கை. நிலை வறுத்த கடலைத் தோல் நிறத்தில் வந்திருக்கிறது. யார் பார்க்க? ம. வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. குழம்பு மிஞ்சிப் போயிற்று. அளவு தெரியாமல் வைத்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

வெயில். நல்ல சேலை கட்டிக்கொண்டேன். எங்கும் போக அல்ல.

கார் சத்தம். வாங்க வாங்க. சிரிப்பு. கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முடியவில்லை. பட்டி பூசும் தகட்டை எடுத்து இடுக்கில் விட்டு, மேலிருந்து கீழாகப் பெயிண்ட்டை அறுத்தேன்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"உள்ள என்ன சத்தம்? எலியா?" மாப்பிள்ளையின் அம்மா.

"எங்க அக்கா" என்றாள் ம.

"அவிய வரலியா?"

காலடி. கதவின் மறுபுறம் ம. குரல், தணிவாக: "யக்கா, மானத்தை வாங்காத. கீழ வரைக்கும் அறுத்துட்டியா?"

"அறுத்துட்டேன்."

"அப்ப இழு. நான் தள்ளுதேன்."

பிளந்துகொண்டு வந்தது. ஓரத்தில் வெள்ளை நாடா நாடாவாக உரிந்து தொங்கிற்று. என் முந்தானை எல்லாம் பெயிண்ட் துணுக்கு. அப்படியே உள்ளே போய்க் கும்பிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்து நிலையைப் பார்த்தார். "இங்கிட்டுப் பெயிண்ட் அடிக்க ஆள் கிடைக்கலியோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் ம. முந்திக்கொண்டாள். "அது தேக்கு. எங்க அக்கா தன் கையால தேய்ச்சது. அதுல போயி யாராச்சும் பெயிண்ட் அடிப்பாவளா?"

கேட்டுக்கொண்டு நின்றேன். அடித்தவள் இவள்.

ஜூன் 9, திங்கள்

காப்பி வந்தது. சூடு. கவிதாவைப் பிடித்துவிட்டதாம், போன் வந்ததாம். இவளுக்கும் மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது. நல்லது.

உரிந்த இடத்துக்கு மறுபடி வெள்ளை அடிக்க நாளை பெயிண்டர் வருகிறானாம். உள்விளிம்பு என்னுடையது என்றேன். "வெள்ளைதான்க்கா" என்கிறாள். நேற்று பேசிய பேச்சு எங்கே போயிற்று?

ம. இப்போது கடைக்குப் போயிருக்கிறாள். ஸ்டெயின் கால் டப்பா மீதி, நாலு விரற்கடைக்குத் தாராளம். கதவு திறந்துதான் கிடக்கிறது. உப்புத்தாள் எங்கே வைத்தேன்