மின்சாரம், தண்ணீர், குப்பை

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் கடிதங்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. போன கடிதத்தில் கையெழுத்தையும் சேர்த்தால்தான் ஆறு வரி.

உன் ஆராய்ச்சிக்காக வாஷிங் மெஷினை நிறுத்தி, நம் வீட்டுப் பழக்கங்களை மாற்றி எட்டு மாதம் ஆகிறது. இந்த மாதமும் மின்சாரமும் தண்ணீரும் குறைந்திருக்கின்றன. குப்பை அநேகமாக இல்லை. "நம்ம குப்பைத்தொட்டிக்கு வேலை போயிடுச்சு" என்கிறார் அப்பா.

ஒரு சந்தேகம். உன் பாடத்தைப் பற்றி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். நாளை வருகிறவர்களுக்குக் குறை வைக்காமல் இன்று வாழ்வதுதான் நிலைத்தன்மை என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இன்று இருப்பவர்களைப் பற்றி எந்த அத்தியாயத்தில் வரும்?

உன் தங்கை, நீ வைத்த பெயரில்
வாத்தியாரம்மா

ஜூன் 21

வாத்தியாரம்மாவுக்கு,

என் பாடத்தை எனக்கு முன்னால் நீயே முடித்துவிடுவாய் போலிருக்கிறது.

இதில் சேர்ந்தபோது உலகத்தையே காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்தேன். இப்போது ஓர் அட்டவணையைக் காப்பாற்றவே தூக்கம் கெடுகிறது. பூமி களைத்துவிட்டது என்று நாள் முழுக்க எழுதுகிறோம். விடுதிச் சாப்பாட்டு மேசையில் பார்த்தால் எழுதுகிற எங்கள் முகங்களும் அப்படித்தான் இருக்கின்றன.

நான் ஆராய்கிற வீடுகளில் பாதி நடுவிலேயே நின்றுவிட்டன. நம் வீடுதான் முதலிடம். பேராசிரியருக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். இன்னும் மூன்று மாதம் இப்படியே போனால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அக்கா

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், இன்னும் மூன்று மாதம்தானே, சரி என்றுவிடுவாள். போனில் பேசினால் அவள் காதில் விழும் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, குளியலறையில் குந்தி உட்கார்ந்து நான்கு பேர் துணியைத் துவைக்கிறாள். நாலாவது ஆள் யார் என்று கேட்காதே, கடையில் அவள் போடுகிற வெள்ளை அங்கிகளே ஓர் ஆள் அளவுக்கு வரும். அலசிய தண்ணீரை வாளி வாளியாகச் செடிகளுக்குச் சுமக்கிறாள். பிறகு உட்கார்ந்து குப்பையைப் பிரிக்கிறாள். நான் வாளியைத் தொட்டால், "போய்ப் படி. ஒருத்தி அங்க கஷ்டப்படறது போதாதா?" என்கிறாள்.

நேற்று எனக்குத் தலை பின்ன உட்கார்ந்தாள். கை தோளுக்கு மேல் எழவில்லை. "நீயே பின்னிக்கோடி" என்று சீப்பைக் கொடுத்துவிட்டாள்.

உன் அட்டவணையில் மின்சாரம், தண்ணீர், குப்பை என்று மூன்றுதான் இருக்கின்றன. மூன்றும் குறைந்தது உண்மைதான். குறைந்ததெல்லாம் அம்மாவின் தோளில் ஏறியிருக்கிறது. அதை எங்கே எழுதுவது?

உன் தங்கை

ஜூலை 18

கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. பிறகு, நடுவில் நின்றுபோன வீடுகளுக்குப் போன் செய்து ஏன் நிறுத்தினீர்கள் என்று முதல்முறையாகக் கேட்டேன். எடுத்ததெல்லாம் பெண்கள். "முடியலைம்மா" என்றார்கள். நான் அவர்களை 'ஒத்துழைக்காதவர்கள்' என்று எழுதி வைத்திருந்தேன்.

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வீட்டுப் பெண்களின் உழைப்பையும் அளப்பதென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்னொரு வருஷம் ஆகும் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவை வாஷிங் மெஷினைப் போடச் சொல். தோளை டாக்டரிடம் காட்டச் சொல். இந்த வருஷம் நான் வரவில்லை என்பதையும் நீயே சொல்லிவிடு. எனக்குத் தெம்பில்லை.

அக்கா

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "யாருடி உன்னை எழுதச் சொன்னது?" என்று நன்றாகத் திட்டினாள்.

"அப்ப அவ வர மாட்டாளா?" என்றாள்.

அடுத்த வருஷம் வருவாள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு எழுந்துபோய்த் துணியை மெஷினில் போட்டாள். ஒன்பது மாதத்துக்கு மேல் சும்மா கிடந்ததால் பயங்கரமாக ஆடியது. ஓடிவிடாமல் பிடித்துக்கொள்பவள் போல அதன்மேல் ஒரு கையை வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்படியே தூங்கிவிட்டாள். மெஷின் நின்று அரைமணி ஆகிறது. எழுப்ப மனம் வரவில்லை. துணி ஈரமாக உள்ளேயே கிடக்கிறது; இதை ஒட்டிவிட்டு நான் போய் உலர்த்த வேண்டும்.

உன் தங்கை