இடது இறக்கையில் இல்லாத குண்டு

மூடியைத் திறந்ததும் தின்னர் மணம் முகத்தில் அடித்தது. நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிவிட்டது, பெட்டிக்குள் அந்த மணம் மட்டும் அப்படியே இருக்கிறது. உன் மகள் ஃப்ரிபூர்க்கிலிருந்து ரயிலில், மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து தந்தாள். "அம்மா உங்களிட்டத்தான் குடுக்கச் சொன்னவ, அன்ரி," என்றாள். சுற்றியிருந்த பத்திரிகைத் தாள்களை உருவினேன். நீ ஒட்டிச் செய்த பிளாஸ்ரிக் விமானம். இரண்டு எஞ்சின். வலது இறக்கையின் கீழே ஒரு குண்டு, இடது பக்கம் வெறும் கொக்கி.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முதலில் அந்த மாதிரி விமானச் சங்கத்துக்காரர்கள் மேல். பிறகு, அதைவிடக் கூட, என் மேல்.

லாங்கன்தாலில் நீ துப்புரவு செய்த மண்டபத்தில்தான் சனிக்கிழமைகளில் அவர்கள் கூடுவார்கள். ஓய்வு பெற்ற பத்துப் பன்னிரண்டு பேர், பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டி உலகப்போர் விமானங்கள் செய்வார்கள். நானும் ஓஸ்டர்முண்டிகனிலிருந்து உனக்குக் கைகொடுக்க வருவேன். சுவிஸுக்கு வந்து அகதி முகாமில் ஒரே அறையில் கிடந்த நாளிலிருந்து நமக்கு அது பழக்கம்: டொச்சு, அதுதான் ஜெர்மன் மொழி, கதைக்கிற வேலை எனக்கு, மற்ற எல்லா வேலையும் உனக்கு.

ஒருநாள் சங்கத் தலைவர் ஒரு விமானத்தைக் கையில் ஏந்தி விளக்கிக்கொண்டிருந்தார். இரட்டை எஞ்சின் சண்டை விமானம். வானத்தில் எதிரி விமானங்களோடு மோதத்தான் முதலில் கட்டினார்களாம். அதைவிட வேகமானவை வந்த பிறகு இறக்கையின் கீழே கொக்கிகள் பூட்டி, குண்டு மாட்டி, தரையைத் தாக்க அனுப்பினார்களாம். "எவ்வளவு அழகான உம்பாவ்!" என்றார். சமையலறையைத் திருத்திக் கட்டினாலும் அவர்களுக்கு உம்பாவ்தான், விமானத்தில் குண்டு பூட்டினாலும் உம்பாவ்தான். நீ தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு, "என்னவாமடி?" என்று கேட்டாய். சொன்னேன்.

"அப்ப, தன்னைப்போல ஒருத்தனோட அடிபட ஏலாமப் போனாப்பிறகு, கீழ நிண்ட சனத்தோட அடிபட வந்தது எண்டு சொல்லு," என்றாய். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. சிரித்துச் சமாளித்தேன். தலைவரும் சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை நீயே அதே மாதிரி விமானத் துண்டுகள் உள்ள ஒரு பெட்டி வாங்கி வந்து அவர்களின் மேசை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாய். நான் வெட்கத்தில் செத்தேன். நீ பாட்டுக்கு ஒட்டினாய், தேய்த்தாய், துப்புரவு வண்டியிலிருந்து எடுத்த மெல்லிய கம்பியை வளைத்துக் கொக்கி செய்தாய். எஞ்சினுக்குப் பின்னால் எண்ணெய் வழிந்த கோடுகள், வயிற்றில் புகைக் கறை, ஆணித்தலை ஒவ்வொன்றும். ஆனால் எல்லாம் அடிப்பக்கம் மட்டும். மேல்பக்கத்துக்கு ஏனோதானோவென்று ஒரு பூச்சு. சில்லுகளை நீ பூட்டவே இல்லை.

"மேல்பக்கத்தை ஏன் இப்பிடி விட்டனி?"

"நான் கண்டது வயிறு மட்டுந்தானே எடி. காணாததை என்னெண்டு கீறுறது?"

நீ கண்ட நாளை முகாமில் எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னாய். பங்கருக்குள் ஓட நேரமில்லாமல் தோட்டத்து வாய்க்காலில் மல்லாக்க விழுந்தாயாம். தலைக்கு மேலே வந்த அந்த விமானத்துக்கும் இரண்டு எஞ்சின், இரண்டு குண்டு. ஒன்று கழன்றதைக் கண்ணால் கண்டாயாம். அது உங்கள் கிணற்றடியில் விழுந்தது. உன் தங்கச்சி தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். மற்றக் குண்டோடு அது திரும்பிப் போனதையும் பார்த்துக்கொண்டு கிடந்தாயாம்.

2009இல், ஊரில் எல்லாம் முடிந்துகொண்டிருந்த நேரம், சங்கத்தின் கண்காட்சி வந்தது. அதற்கு முதல் நாள்தான் நாங்கள் பேர்னில் பாராளுமன்றத்துக்கு முன்னால் பதாகையோடு நின்று, தொண்டை கட்டித் திரும்பியிருந்தோம். நீ உன் விமானத்தை மீன்பிடி நூலில் கட்டி மண்டபத்துக் கூரை வளையில் தொங்கவிட்டாய். கீழே ஒரு பாயையும் விரித்தாய். வருகிறவர்கள் அதில் படுத்துப் பார்க்க வேண்டுமாம். அந்த மண்டபத்தில் பாய்!

நடுவராக வந்தவரும் அந்தத் தலைவர்தான். பாயை ஒதுங்கிக் கடந்து, கதிரையில் ஏறி நின்று, மேலிருந்து பார்த்தார். பூச்சில் குமிழ் இருக்கிறது என்றார். விமானம் சில்லில் நிற்க வேண்டும், மேசையில் இருக்க வேண்டும், அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்றார். பாயைக் காட்டி, "இங்கே அரசியல் வேண்டாம்" என்றார். குண்டு தொங்கலாம், அதில் அரசியல் இல்லை. கீழே ஆள் படுத்தால் அரசியல். கேட்டுக்கொண்டு நின்றேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

பிறகு கேட்டார்: "இன்னொரு குண்டு எங்கே?"

நீ என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துச் சொன்னாய்: "மற்றதைப் போட்டிட்டான்."

அவர் என் பக்கம் திரும்பினார். அன்றைக்கு நான் வாயைத் திறந்து சொன்னது இதுதான்: "ஒட்ட மறந்துவிட்டாராம்."

அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். "என்னவாம்?" என்று நீ கேட்டாய். "நல்லாயிருக்காம்," என்றேன். வதிவிட அனுமதி, வேலை, வீடு என்று இருபது வருடமாக எந்த மேசைக்கு முன்னாலும் நம்முடைய பேச்சை இப்படி அரைத்துக் கூழாக்கிக் கொடுத்துப் பழகிய நாக்கு. அவர்கள் முகம் சுளிக்கக் கூடாது, அவ்வளவுதான். உனக்கு விளங்கியிருக்கும். மறந்துவிட்டார் என்பதற்குரிய டொச்சுச் சொல் தெரியாத அளவுக்கு நீ மோசமில்லை. நூலை அறுத்து, பாயைச் சுருட்டினாய். அதன் பிறகு அந்த மேசைக்கு நீ போகவே இல்லை, தரையை மட்டும் துடைத்தாய். என்னை நீ ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்.

போன கிழமை தலைவர் தொலைபேசி எடுத்தார். உன் மகள் இலக்கம் கொடுத்திருக்கிறாள். உன் நினைவாக விமானத்தைச் சங்கத்துக் கண்ணாடி அலுமாரியில் வைக்கப்போகிறார்களாம். வீட்டுக்கே வந்தார், மனுசனுக்கு நல்லாக வயது போய்விட்டது. தேத்தண்ணி கொடுத்தேன். சில்லு பூட்டுவோம், மேல்பக்கத்துக்குப் புதிதாக வர்ணம் அடிப்போம் என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். பஞ்சுக்குள் சின்னதாக ஒரு குண்டு. "பாவம், அவர் மறந்துவிட்டாரே. நானே செய்து கொண்டுவந்தேன்," என்றார்.

அவர் அன்போடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"அவள் மறக்கவில்லை," என்றேன். "நான்தான் உங்களுக்குப் பொய் சொன்னேன். அவள் சொன்னது, விமானி மற்றக் குண்டைப் போட்டுவிட்டான் என்று. அது அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் விழுந்தது. அங்கே அவளுடைய தங்கை நின்றாள்." ஒரு சொல்லையும் மெதுவாக்கவில்லை. என் டொச்சு அவ்வளவு நேராக ஒருநாளும் இருந்ததில்லை.

அவர் தீப்பெட்டியை மூடி மேசையில் வைத்தார். பிறகு, "உண்மையாக வருந்துகிறேன். ஆனால் பார்க்க வருகிறவர்களுக்கு அது ஒரு குறையாகத்தானே தெரியும்," என்றார்.

"தெரியட்டும்," என்றேன். "தரமாட்டேன்."

அவர் போன பிறகு பார்த்தால் தீப்பெட்டி மேசையில் கிடக்கிறது. செருப்புக்கூடப் போடாமல் மூன்று மாடி இறங்கி ஓடினேன். கார் கதவடியில் பிடித்து அவர் கையில் வைத்தேன். "மறந்துவிட்டீர்கள்," என்றேன்.

விமானத்தை என் கட்டிலுக்கு நேர் மேலே தொங்கவிட்டிருக்கிறேன். காலையில் கண் விழித்ததும் தெரிவது அதன் வயிறுதான். வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டொருவர் அந்த வெறும் கொக்கியைக் காட்டிக் கேட்டுவிட்டார்கள். தமிழில் கேட்டாலும் டொச்சில் கேட்டாலும் நீ சொன்னதையே சொல்கிறேன்: மற்றதைப் போட்டிட்டான்.