குண்டன் இன்னும் கேட்டருகே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அந்த ஒரு மெசேஜுக்குப் பிறகு உன் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால் ஆபீஸ் முகவரிக்குக் கூரியர். நாளை மதியம் கைக்கு வந்துவிடும் என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார். பிழைகளைப் பொறுத்துக்கொள். பள்ளிக்கூடத்தில் எனக்கு வாசலோரப் பெஞ்சு, மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடுவதற்கு.

கடற்கரை வீடு வசதிதான். விளம்பரத்தில் நாயோடு வரலாம் என்று போட்டிருந்ததால் லீவுக்கு வாடகைக்குப் பிடித்தேன். குண்டன் வந்தால் நீயும் வருவாய் என்று என் கணக்கு. நாய்க்குக் கால் கழுவத் தனிக் குழாய், துடைக்கத் தனித் துண்டு. என் துண்டைவிட அது மெத்தென்று இருக்கிறது. கடல் தெரியும் அறை உனக்கு. விரிப்பில் மணல் ஒட்டிவிடும் என்று அம்மா என்னை உள்ளேயே விடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ 'பார்க்கலாம்' என்றுதான் அனுப்பினாய். உன் அப்பா பெரிய மேதை, 'வருகிறாளாம்' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு வருஷமாக உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவள், மூன்று நாள் முன்பு இங்கே வந்து இறங்கியதும் குண்டனைக் கேட்டருகே நிறுத்தி, "இரு, அக்கா வந்துருவா" என்றுவிட்டாள்.

நீ பழக்கியதுதான். 'இரு' என்று யார் சொன்னாலும் உட்கார்ந்துவிடும். நீ 'வா' என்றால்தான் எழும். அதுவரை தட்டையும் தொடாது. நீ போனதிலிருந்து அந்த வார்த்தையையே நாங்கள் வாயில் எடுப்பதில்லை, விருந்தாளியிடம்கூட. சந்தோஷத்தில் அம்மா மறந்துவிட்டாள்.

நேற்று மழை. குடையைக் குண்டனுக்குப் பிடித்து நான் நனைந்தேன். தூக்கி உள்ளே கொண்டுபோனேன். என் இடுப்பு பிடித்துக்கொண்டது, அது கேட்டுக்கே திரும்பிவிட்டது. சுவருக்குப் பின்னால் ஒளிந்து உன் குரலில் "வாடா தங்கம்" என்றும் கூப்பிட்டுப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் நான் பாடியபோது உன் அம்மா பார்த்தாளே, அதே பார்வை பார்த்தது. வீட்டுக்கார அம்மா வந்து, "நாய்க்கு இடமுண்டுன்னுதான் போட்டேன். இப்படிப் பட்டினி கிடக்கும்னு யாரு கண்டா? வர வேண்டியவங்களக் கூப்பிடுங்க" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அதன் விலா எலும்பு தெரிகிறது. இனி குண்டன் என்று கூப்பிட எனக்கே கூச்சம்.

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அது சாப்பிடாமல் தனக்கு இறங்காதாம். அவள் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள், வயிறு காயக் கூடாது என்று உனக்கே தெரியும். இன்று காலை கை நடுங்கிற்று. இனிப்புத் தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "வண்டிச் சத்தம் கேக்குது, பாருங்க" என்றாள். பால்காரர் வண்டி. இரண்டு தலையும் ஒன்றாக நிமிர்ந்து, ஒன்றாகத் தாழ்ந்தன.

நாயைத் தூக்கியதற்கே இடுப்பு பிடித்துக்கொண்டவன், இவள் சாய்ந்தால் என்ன செய்வேன்? வேடிக்கையாக எழுதிக்கொண்டே வந்தேன். இதற்கு மேல் வரவில்லை குட்டிமா. பயமாக இருக்கிறது.

எங்களோடு நீ பேச வேண்டாம். அம்மா அன்று சொன்னதை மறக்கவும் வேண்டாம். வண்டியை விட்டு இறங்கக்கூட வேண்டாம். கேட்டுக்கு வெளியே நிறுத்திக் குண்டனிடம் ஒரே ஒரு 'வா' சொல்லிவிட்டுப் போ.

கொஞ்சம் சத்தமாகச் சொல், குட்டிமா. பக்கத்து நாற்காலிக்கும் கேட்க வேண்டும்.

நல்லபடியாக வந்து சேர்.

உன்
அப்பா